முதுகு மறைத்த செடி

பல் செட்டுக்காரர் வீட்டு மீன் தொட்டியில் இருந்த செடிகள் பேச ஆரம்பித்தது, அவருடைய மனைவி வீட்டை விட்டுப் போன பன்னிரண்டாம் நாள், காலை ஒன்பதே காலுக்கு. விளக்கைப் போட்டுப் பத்து நிமிடம் ஆனதும் வழக்கம்போல் இலைகளில் குமிழ் கட்டியது. ஒவ்வொரு குமிழாக மேலே வந்து உடைந்தது. உடைந்த குமிழ் ஒவ்வொன்றிலிருந்தும் மனைவியின் குரலில் ஒரு சொல் வந்தது. சத்தம் பெரிதில்லை, இரண்டடி தள்ளி நின்றால் கேட்கும். முதலில் வந்தது "தக்காளி". அடுத்து "மேனேஜர்". அப்புறம் "எத்தனை தடவை". அவர் கையிலிருந்த கீழ்த்தாடைப் பல் செட்டை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குக் கடைக்குப் பல் வாங்க வந்த பெரியவர் பொக்கை வாயோடு திரும்பிப் போனார்.

மீன் தொட்டி என்று பெயர்தானே தவிர, அதில் மீன் நான்குதான், அதுவும் பேருக்கு. மற்றதெல்லாம் செடி. பத்தொன்பது வருடமாக, கடை கட்டியதும் சட்டைக்கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, பல் பதிக்கும் அதே பொறுமையோடு, நீள இடுக்கியால் செடிகளைப் பிடுங்கிப் பிடுங்கி வேறு வேறு இடத்தில் நட்டுக்கொண்டிருந்தார். நெட்டையைப் பின்னால் வைப்பார், மறுவாரம் ஓரத்துக்குத் தள்ளுவார், சிவப்பு இலையை நடுவில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். மனைவி குடிநீர் அலுவலகத்தில் புகார் தொலைபேசி எடுக்கும் வேலையில் இருந்தாள். பகலெல்லாம் ஊராரின் குறையைக் கேட்டுவிட்டு வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தன்னுடையதைச் சொல்வாள். அவர் தண்ணீரிலிருந்து கண்ணெடுக்காமல் "ம்" என்பார். நல்ல மனிதர்தான், அடித்ததில்லை, திட்டியதில்லை. பத்தொன்பது வருடம் "ம்" சொன்னார், அவ்வளவுதான்.

கடைசி நாள் சாயங்காலமும் அப்படித்தான் அவள் ஏதோ கேட்டாள், அவரும் "ம்" என்றார். "என்ன ம்? இப்ப நான் என்ன கேட்டேன், சொல்லுங்க பாப்போம்" என்றாள். அவர் கையில் சொட்டச் சொட்ட ஒரு செடியோடு திரும்பி நின்று விழித்தார். அவள் சத்தம் போடவில்லை. ஒரே ஒரு பையை எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளியிருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போனில் கெஞ்சினார். "ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்ற வேலையெல்லாம் ஆபீஸோட சரி. நான் என்ன கேட்டேன்னு தெரிஞ்சுக்கிட்டு, பதிலோட வாங்க. அப்ப வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

ஆகவே செடிகள் பேசியதில் மிகவும் சந்தோஷப்பட்டவர் அவர்தான். செடி விற்கும் கடைக்காரர் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்றார். "நாம விடுற மூச்சைத்தானே செடி எடுத்துக்குது? பேச்சும் மூச்சுல ஏறித்தானே வருது? வீட்டுல பேச ஆள் இல்லாமப் போனதும் உள்ள இருந்தது வெளிய வருது." அப்படியானால் தன்னுடைய "ம்" ஏன் ஒன்றுகூட வரவில்லை என்று இவர் கேட்டார். "வாயை மூடிக்கிட்டுச் சொன்னா எப்படிங்க சேரும்?" என்றார் கடைக்காரர். அடி இலையில் பழைய பேச்சும் நுனி இலையில் புதுப் பேச்சும் இருக்கும், அவள் சொன்ன வரிசையிலேயே இடமிருந்து வலமாக ஏறியிருக்கும் என்றும் சொல்லிவிட்டு, வந்ததற்கு ஒரு பாக்கெட் உரத்தைத் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

கோளாறு அங்கேதான். மனசு சரியில்லாவிட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. அவள் போன பன்னிரண்டு நாளில் மொத்தத் தொட்டியையும் மூன்று தடவை கலைத்து நட்டிருந்தார். பிடுங்கி நட்ட செடி கோபித்துக்கொண்டு இலையைக் கரைத்துவிடும். அப்படிச் சில கரைந்தும் போயிருந்தன. மிச்சமிருந்தவை ஒவ்வொரு காலையும் "வர்றீங்களா நாளைக்கு" என்றன, "என்கூட தக்காளி" என்றன. கேட்கக் கேட்க அவருக்கு அழுகை வந்தது. பழைய வரிசை எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அத்தனை வருடம் தொட்டியைப் பார்த்தவர், கண்ணை மூடினால் ஒரு செடிகூட அதன் இடத்தில் இல்லை.

கடைசியில் மச்சினிதான் ஒரு போட்டோ அனுப்பினாள். அக்கா அந்தக் கடைசிச் சாயங்காலம், அவரிடம் கேட்பதற்குச் சற்று முன்னால், செல்போனில் எடுத்துத் தங்கைக்கு அனுப்பியது. கீழே, "உன் அத்தான் மொகம் மறந்துடப் போகுது, பாத்துக்கோ" என்று எழுதியிருந்தாள். படத்தில் தொட்டியின் இடது பக்கம் தெளிவாக இருந்தது, வலது பக்கம் தெளிவாக இருந்தது. நடுவில் அவருடைய முதுகு. இரண்டு ஓரத்தையும் படத்தைப் பார்த்துப் பார்த்து நட்டார். இடது ஓரத்து நுனி இலை "நாளைக்கு" என்றது. வலது பக்கத்தில் இருந்த இரண்டும் "என்கூட", "வர்றீங்களா" என்றன. நடுவில் இருந்தது ஒரு அகல இலைச் செடி என்று மட்டும் ஞாபகம் வந்தது. அது கரைந்துபோய், மணலில் வெறும் தண்டு நின்றது. சினிமாவுக்கா, கடைக்கா, யார் வீட்டு விசேஷத்துக்கா? ஒரு வாரம் மண்டையைக் குடைந்தார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

அவள் நின்றுகொண்டு அலுவலகப் புடவைக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தாள். "வர்றேன்" என்றார்.

"எங்க?"

"எங்கன்னு தெரியல. அந்த எடத்துல என் முதுகு நின்னுடுச்சு. எங்கன்னாலும் வர்றேன்."

அவள் அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தாள். "ஆஸ்பத்திரிக்கு. கழுத்துல ஒரு கட்டி இருந்துச்சு. மறுநாள் தனியாவே போனேன். ஊசி போட்டு டெஸ்டுக்கு எடுத்தாங்க. ஒரு வாரம் கழிச்சு, ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்கன்னு சொல்லிட்டாங்க."

"என்கிட்டகூடச் சொல்லல அத்தான். ஆபீஸுக்குன்னு சொல்லிட்டுத்தான் போனா" என்றாள் மச்சினி.

"கெட்டதாச் சொல்லியிருந்தா உங்களுக்கு போன் பண்ணியிருப்பேன்" என்றாள் மனைவி. "ஒண்ணும் இல்லன்னதும் அந்தச் சந்தோஷத்தை யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல. வாசல்ல நின்ன செக்யூரிட்டிகிட்ட சொன்னேன். அவரு எந்திரிச்சு நின்னு, ரொம்ப சந்தோஷம்மான்னாரு."

அவருக்குத் தொண்டைவரை ஒரு "ம்" வந்தது. பல்லைக் கடித்து அடக்கினார். அவள் புடவையை மடித்து வைத்தாள். அவர் அடுத்த பஸ்ஸில் திரும்பினார்.

அவள் வரவில்லை. சண்டை என்றும் இல்லை. தங்கை வீட்டு மாடி அறை அவளுக்குப் பழகிவிட்டது. இவர் இடுக்கியைக் கடைக்கே எடுத்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு செடியையும் இடம் மாற்றவில்லை. மூன்றாவது மாதம், நடுவில் மொட்டையாக நின்ற தண்டின் அடியிலிருந்து, வேர் சாகாததால், ஒரு இலை கிளம்பியது. மறுநாள் ஒன்பதே காலுக்குக் கேள்வி முழுசாக வந்தது: "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு என்கூட வர்றீங்களா?" இவர் முகம் மழித்துக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடிவந்து, வாயை நன்றாகத் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி "வர்றேன்" என்றார். மறுநாளும் செடி கேட்டது, மறுநாளும் சொன்னார். அதிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் அதை வைத்துத்தான் கடிகாரத்தைச் சரிபார்க்கிறாள். காய்ச்சலில் ஒருமுறை பதில் ஐந்து நிமிடம் தாமதமானபோது, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "சார், இன்னும் சொல்லலையே?" என்று கேட்டாள்.

இரண்டு வருடம் கழித்து, பிரம்பு நாற்காலியை எடுத்துப்போக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வந்தாள். மணி ஒன்பதே கால். அவர் வாயே திறக்கவில்லை. செடிகள் அவளுடைய குரலில் கேட்டன. பிறகு, அதற்குப் பின்னால் புதிதாக அடர்ந்திருந்த இளம் இலைகளிலிருந்து வரிசையாகக் குமிழ் எழுந்து, அவருடைய குரலில், "வர்றேன், வர்றேன், வர்றேன்" என்று உடைந்தது. எடுத்துப்போக வந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, கடைசிக் குமிழ் உடையும்வரை அவள் கேட்டாள். கை தன்னையறியாமல் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"தண்ணி கொஞ்சம் கலங்கியிருக்கு, மாத்துங்க" என்றாள்.

"மாத்துறேன்" என்றார்.

அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பத்து மணி பஸ்ஸுக்குப் போனாள்.