உட்கார வைத்து எடுத்த படம்

கல்யாண வீடுகளில் அவளுக்குப் பூனை என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. ஆல்பம் கைக்கு வந்த பிறகுதான், 'அடடா, இதையெல்லாம் எங்கேயிருந்து பார்த்தா?' என்று வீட்டார் வாயைப் பிளப்பார்கள். 'இங்கே பாருங்க, கொஞ்சம் சிரிங்க' என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாரையும் நிறுத்தி வைத்தோ உட்கார வைத்தோ படம் எடுப்பதும் இல்லை. காலையில் மணப்பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "இன்னிக்குக் கூட்டத்துல யாரோட முகத்தைப் பார்க்காம விட்டுடுவோம்னு பயமா இருக்கு?" யாரைச் சொல்கிறார்களோ அவருக்கென்றே அவள் கழுத்தில் இரண்டாவது கேமரா ஒன்று நாள் முழுக்கத் தொங்கும்.

இந்த மணப்பெண் யோசிக்கவே இல்லை.

"எங்க அக்கா. அம்மா போனதிலேர்ந்து எனக்கு எல்லாமே அவதான். ஆனா கேமராவைக் கண்டா கண்காணாம ஓடிடுவா. சிரிச்ச மாதிரி ஒண்ணே ஒண்ணு வேணும் மேடம். நாளைக்கு நான் விமானம் ஏறிடுவேன்."

பின்னால் நின்று தங்கையின் கழுத்துச் சங்கிலிக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்த அக்கா, "என் மூஞ்சியைச் சுவத்துல மாட்டினா உன் வீட்டுக்கு எவனும் விருந்துக்கு வரமாட்டான்டி" என்று சொல்லிவிட்டு, கேமரா மேலே எழும்புவதற்குள் அறையை விட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் அகப்படவில்லை. கதவிடுக்கில் ஒரு முதுகு, நாற்காலியை நகர்த்தும் ஒரு கை, அவ்வளவுதான். அந்தக் கை, வளையல் முழங்கைவரை இறங்கிவிடுகிற அளவுக்கு மெலிந்திருந்ததைப் பூனை கவனித்தாள்.

"ஏம்மா, நாங்க இத்தனை பேர் வரிசையா நிக்கிறோம், நீ தூணைப் படம் எடுத்துட்டிருக்கே?" என்று மணப்பெண்ணின் பெரியப்பா சண்டைக்கு வந்தார்.

"தூண் வயித்தை உள்ள இழுத்துக்காது பெரியப்பா."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா இழுத்துப் பிடித்திருந்த வயிற்றை விட்டார். அந்த நொடியில் அவரும் படமானார்.

மணமக்கள் மோதிரம் மாற்றியபோது கூட்டம் முழுவதும் மேடையைப் பார்த்தது. பூனை மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டி நின்றாள். கடைசி வரிசையில் அக்கா நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது ஆனந்தக் கண்ணீரை அடக்குகிற பிடி இல்லை. உதடு வெளுத்திருந்தது. கைதட்டல் எழுந்ததும் அவள் மெல்ல வெளியே நழுவ, பூனையும் பின்னாலேயே போனாள்.

பந்திக்கூடத்துக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில், கவிழ்த்து வைத்த அண்டாவின்மேல் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழக்கதோஷம், பூனையின் விரல் அழுத்திவிட்டது.

"எடுத்துட்டியா? காட்டு."

அக்கா படத்தை நெடுநேரம் பார்த்தாள். "இது யாருன்னு எனக்கே தெரியலை. அழிச்சிடும்மா."

"உடம்பு என்னங்க?"

"போன மாசமே டாக்டர் கையை விரிச்சுட்டார். தங்கச்சிகிட்ட மூச்சு விடலை. விட்டிருந்தா கல்யாணமும் வேண்டாம் கத்திரிக்காயும் வேண்டாம்னு என் கட்டில் காலடியிலேயே உக்காந்துடுவா. அவ நல்லபடியா ஊர் போய்ச் சேரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா, ஒரு படம் கேட்டாளே. அதைக் கொடுக்காம அனுப்பவும் மனசு வரலை. எப்படி உக்காரணும், எங்க பார்க்கணும், எல்லாம் நீயே சொல்லு. நல்லதா ஒரு பொய்ப் படம் எடுத்துக் கொடும்மா."

பூனை முதலில் இருந்ததை அழித்தாள். பிறகு ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டாள். வெளுப்பு தெரியாமல் பவுடர் பூசி, நழுவிய தோள்பட்டைத் துணியை ஊசி குத்தி இழுத்து நிறுத்தினாள். "முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம். கையை மடியில வச்சுக்கங்க." அடுத்த வார்த்தையை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "சிரிங்க."

அக்கா சிரித்தாள். படம் அம்சமாக வந்திருந்தது.

விருந்துக்கு முன் கிடைத்த இடைவெளியில் மணப்பெண் ஓடி வந்தாள். "மாட்டினாளா?"

பூனை காட்டினாள். பெண்ணின் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகம் அப்படியே சிறிது சிறிதாக வாடுவதைப் பூனை பார்த்தாள்.

"யார் இவளை உக்கார வச்சது?"

"அவங்களே கேட்டாங்க" என்றாள் பூனை. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா கேட்டாளா? நீங்களும் எடுத்தீங்களா?" மணப்பெண்ணின் குரல் இறங்கியது. "யாரையும் உக்கார வச்சு எடுக்க மாட்டீங்கன்னுதானே உங்களைத் தேடிப் பிடிச்சேன்." விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். ஊசி குத்திய தோள். பவுடரை மீறித் துருத்திய கழுத்தெலும்பு. "கல்யாண அலைச்சல்டி, அதான் இளைச்சுட்டேன்னு சொன்னா. நானும் கடை கடையா ஏறி இறங்கிட்டு இருந்தேன். ரொம்ப மோசமா மேடம்?"

பூனைக்கு ஒளியை மாற்றத் தெரியும், இடத்தை மாற்றத் தெரியும். பேச்சை மாற்றத் தெரியவில்லை. தலைகுனிந்துகொண்டாள். அதுவே பதிலாகிவிட்டது.

மணப்பெண் அழவில்லை. மை கலையாமல் விரல்நுனியால் கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டாள். "எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். இன்னிக்கு ஒருநாள் அவ ஜெயிச்சதாவே இருக்கட்டும்."

அதற்குள் அக்காவே கையில் தண்ணீர் டம்ளரோடு வந்துவிட்டாள். "தொண்டை காய்ஞ்சிருக்கும், குடிடி. என்ன, படத்தைப் பார்த்தியா?"

"பார்த்தேன். மகாராணி மாதிரி இருக்கே. இத்தனை அழகை எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே?"

"போடி கழுதை."

மணப்பெண் அக்காவை இழுத்து அணைத்துக்கொண்டாள். டம்ளர் தண்ணீர் புதுத் துணி மேலெல்லாம் கொட்டியது. பூனை அக்காவின் முதுகுப்புறம் நின்றிருந்ததால் தோளுக்கு மேல் தெரிந்த முகம் தங்கையுடையது. அதைப் பார்த்தவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். பூனை கேமராவை உயர்த்தினாள்.

மணப்பெண் இல்லை என்று தலையசைத்தாள். பிறகு அக்காவின் முதுகுக்குப் பின்னால் இருந்த அவள் கை மட்டும் மெல்ல அசைந்தது: இங்கே வேண்டாம், அந்தப் பக்கம் போங்க.

பூனை ஓசையில்லாமல் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அங்கே, தங்கையை நன்றாக ஏமாற்றிவிட்ட நிம்மதியில், அக்கா கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எடுத்தாள்.