ஞாயிற்றுக்கிழமை சரிசெய்யப்படும்

மனித இனம் இதுவரை கண்ட ஆட்சிமுறைகளில் கடைசியானதும் குறையே இல்லாததும் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில், ஒரு பழைய லேப்டாப்பில் இயங்கத் தொடங்கிவிட்டதாக விமல்ராஜ் அறிவித்தான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவனோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி ஆண்டு படிக்கும் நிலா. இன்னொருவர் டீக்கடைக்காரர், அவர் காலி கிளாஸுக்காக நின்றிருந்தார்.

அந்த ஆட்சியின் பெயர் 'ஊர்வாய்'. செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் எங்கே தண்ணீர் வரவில்லை, எந்தத் தெருவிளக்கு எரியவில்லை என்று யார் வேண்டுமானாலும் அந்த வெப்சைட்டில் புகார் எழுதலாம். எழுதியவர் பெயரும் போன் நம்பரும் வெளியே தெரியாது. சரிபார்ப்பதற்காக விமல்ராஜிடம் மட்டும் இருக்கும். மற்றதெல்லாம் திறந்த வெளி. வெப்சைட்டை இயக்கும் நிரலை வரிவரியாக இணையத்தில் போட்டிருந்தான். யாரும் படிக்கலாம், குறை சொல்லலாம், திருத்தலாம்.

"நம்ம செஞ்சிக் கோட்டையவே பாரு, மூணு மலைய சுத்தி சுவரு கட்னான், அகழி வெட்னான். இன்னா ஆச்சு? வந்தவன் போனவன்லாம் கோட்டைய புடிச்சான். மூடி வச்ச எதுவும் நிக்காது நிலா. என்னோடதுல பூட்டே கிடையாது. இல்லாத பூட்டை எவன் உடைப்பான்?"

"எதுக்கு உடைக்கணும்? நேரா உள்ள வருவான்" என்றாள் நிலா.

விமல்ராஜ் அவளை மன்னித்தான். பெரிய காரியங்களின் தொடக்கத்தில் இப்படிச் சிலர் இருப்பார்கள்.

ஊர்வாய்க்குக் கிடைத்த முதல் வெற்றி சிங்கவரத்தில். காலனிக்குப் போகும் தண்ணீர்க் குழாயில் பாதி வழியில் ஒரு கிளை பிரிந்து, வேர்க்கடலை, ஊர் வழக்கில் மல்லாட்டை, உடைக்கிற கோதண்டராமனின் மில்லுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. மில்லில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். அவர்களில் ஒருத்தி காலனி அன்புக்கரசி. அவள் வீட்டில் வேலைக்குப் போகிற ஒரே ஆளும் அவள்தான்.

அவளைத் தேடிப்போய் எழுதச் சொன்னதே விமல்ராஜ்தான். "உன் பேரு எனக்கும் கடவுளுக்கும் மட்டும்தான்க்கா தெரியும்."

"கடவுள் எவன்கிட்டயும் சொல்ல மாட்டாரு" என்றாள் அன்புக்கரசி. "நீ?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் எழுதினாள். அதிகாரிகள் வந்தார்கள், கிளைக் குழாயை அடைத்தார்கள், காலனியில் தண்ணீர் வந்தது. எழுதியது யார் என்று கோதண்டராமன் மில்லில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். எல்லோரும் மல்லாட்டையைப் பார்த்தபடியே தெரியாது என்றார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்போது நிலா, ஊர்வாயின் நிரலைச் சும்மா படித்துக்கொண்டு வந்தாள். வழியிலேயே அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். "டேய், புகார் பக்கத்தோட லிங்க்குக்குப் பின்னாடி ஒரு கோடு போட்டு 'முழுசு'ன்னு அடிச்சா, எழுதினவங்க பேரும் நம்பரும் அப்படியே வருது. டெஸ்ட் பண்றதுக்கு நீ வச்ச வழி. எடுக்க மறந்துட்ட. யார்கிட்டயும் சொல்லாத, முதல்ல அடை. அடைச்சிட்டு அப்புறம் எல்லாருக்கும் சொல்லு."

விமல்ராஜுக்கு உடம்பு ஒரு நொடி வேர்த்தது. அடுத்த நொடி கொள்கை வந்து காப்பாற்றியது. அவளுக்குப் போன் போட்டான்.

"யார்கிட்டயும் சொல்லாதன்னா? இன்னா பேச்சு இது? தப்பு பண்ணிட்டு காதுல குசுகுசுன்றது ஆபீஸ்காரன் புத்தி. நம்ம குறைய நாமளே மைக்ல சொல்லணும்."

"சொல்லு, யாரு வேணான்னா? அடைச்சிட்டுச் சொல்லு."

"அடைச்சிட்டுச் சொன்னா அதுக்குப் பேரு வெளிப்படையா? நாளைக்குக் காலேஜ் போட்டில நான் படிக்கப்போற பேப்பரே அதான்."

"அன்பு அக்கா நம்பர் அதுல இருக்குதுடா."

"நம்ம ஊர்ல எவன் அதையெல்லாம் படிச்சி, கோடு போட்டு, அடிச்சிப் பார்ப்பான்? டென்ஷன் ஆவாத."

நிலாவின் செய்தியை, வழிமுறை மாறாமல், ஊர்வாயின் 'குறைகள்' பக்கத்தில் போட்டான். "ஞாயிற்றுக்கிழமை சரிசெய்யப்படும்" என்று கீழே எழுதினான். அன்று ராத்திரி பேப்பரை மெருகேற்ற வேண்டும், சனிக்கிழமை அதைப் படிக்க வேண்டும், அதற்கு முன் தோதுப்படவில்லை. பிறகு அதையே 'சிங்கவரம் சொந்தங்கள்' வாட்ஸ்அப் குரூப்பிலும் பகிர்ந்தான். "எங்கள் தவறை நாங்களே சொல்கிறோம். எந்த அரசாங்கத்துக்கு இந்தத் துணிச்சல் உண்டு?"

கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. கோதண்டராமன் மட்டும் எழுத்தில் வாழ்த்தியிருந்தார்: "சூப்பர் தம்பி. இந்தக் காலத்துல இப்படி நேர்மையான புள்ளைங்களைப் பார்க்கிறது அபூர்வம்."

விமல்ராஜ் அதைப் படமெடுத்து நிலாவுக்கு அனுப்பினான். அவரே மனம் மாறிவிட்டார், பார்.

சனிக்கிழமை அவன் பேப்பருக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. கேடயத்தோடு மாடியேறியபோது அன்புக்கரசி வாசலில் டிபன் பாக்ஸோடு நின்றிருந்தாள். பாக்ஸ் திறக்கப்படவே இல்லை.

"வாக்கா. சாப்டியா?"

"காலையில மொதலாளி மில்லு உள்ளயே வுடல தம்பி. 'உனக்குத்தான் வெப்சைட்ல எழுதற வேலை இருக்குதேம்மா, இங்க எதுக்கு கஷ்டப்படற'ன்னாரு. கத்தல, திட்டல. போன்ல என் பேரைக் காட்டினாரு. பக்கத்துல நம்பரு. எனக்கே மனப்பாடம் இல்லாத நம்பரு."

"அக்கா, அது ஒரு சின்ன பிழை. நாங்களே ஒத்துக்கிட்டு..."

"குரூப்ல பார்த்தேன். நீ ஒத்துக்கினதுக்கு எல்லாரும் கைதட்டனாங்க." அவள் கேடயத்தைப் பார்த்தாள். "அவ்ளோ தைரியம் இருந்தா உன் பேரைப் போட்டு எழுதியிருக்கலாமே அந்தப் புகாரை. பக்கத்து மில்லுலயும் சொல்லி வச்சிட்டாரு. எவனும் சேத்துக்க மாட்டான்."

அவனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. எல்லாம் பேப்பரில் இருந்தவை. அவன் தொடங்குவதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

சாயங்காலம் நிலா போன் செய்தாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "எழுதின எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லணும். யாரு நம்பரை யாரு பார்த்தான்னு தெரியாது. சைட்ல முதல் பக்கத்துல போடு: இன்னா நடந்துச்சு, யாரால நடந்துச்சு."

"கண்டிப்பா. இதோ உக்காந்துட்டேன்."

உட்காரவும் செய்தான். முதலில் ஓட்டையை அடைத்தான். ஒரே வரிதான். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அடுத்து அறிவிப்பு. 'என்னால்' என்று தொடங்கினான். அழித்துவிட்டு 'எங்களால்' என்று போட்டான். அதையும் அழித்து 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று எழுதியபோது வாக்கியம் வழவழவென்று ஓடியது. அதைப் படித்துப் பார்த்தான். பிறகு முழுசாக அழித்தான்.

'குறைகள்' பக்கத்திலிருந்து நிலாவின் செய்தியை நீக்கினான். மத்தியானம் முதல் பக்கத்தில் போட்டிருந்த, கேடயம் வாங்கிய படத்தையும் நீக்கினான், எதற்கும் இருக்கட்டும் என்று. வாட்ஸ்அப்பில் போட்டதை அழித்தால், அழித்தது எல்லோருக்கும் தெரியும். அது மேலே ஏறிக் கண்ணில் படாமல் போவதற்காக ராஜகிரி மலையில் சூரியன் உதிக்கும் படங்களாகப் பார்த்து, குரூப்பில் ஒவ்வொன்றாக அனுப்பினான். அப்போது மணி மாலை ஆறு. "இனிய மாலை வணக்கம் சொந்தங்களே" என்றார் யாரோ.

கடைசியாக, வரிவரியாகத் திறந்து கிடந்த மொத்த நிரலையும் மூடுவதற்கான இடத்துக்குப் போனான். நிஜமாகத்தானா என்று அது கேட்டது. உறுதி செய்ய, தளத்தின் பெயரை ஒருமுறை அடிக்கச் சொன்னது. பிழையில்லாமல் அடித்தான்.

நிலாவிடமிருந்து செய்தி வந்தது. "எல்லாருக்கும் சொல்லிட்டியா? அன்பு அக்கா தெருவுலயே இன்னும் ரெண்டு பேர் எழுதியிருக்காங்க."

விமல்ராஜ் எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து பதில் அடித்தான்.

"நேர்ல பேசிக்கலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத."