பிளேடின் மேல் எழுதியிருந்த எண்

அவளுக்கு அரையங்குலம் என்று பெயர் வந்ததற்குக் காரணம் அவள் அளவெடுக்கும் விதம். தச்சு வேலை செய்கிறவள். யார் எந்த அளவைச் சொன்னாலும், "எதுக்கும் அரையங்குலம் கூட இருக்கட்டும்" என்பாள். பிறகு இழைப்புளியை எடுத்து அந்த அரையங்குலத்தைச் சீவித் தள்ளுவாள். பெயர் வைத்தவன் அவளுடைய கொழுந்தன், லிஃப்ட் மெக்கானிக். வைத்துவிட்டு அவன் மட்டும் மரியாதையாக அண்ணி என்று கூப்பிட, மற்ற எல்லோருக்கும் அவள் அரையங்குலம் ஆகிவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பிசியோ டாக்டரம்மா அவள் பட்டறைக்கு வந்தார். இடுப்பெலும்பு உடைந்து தேறியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் பிடித்துக்கொண்டு நடை பழகுவதற்கு இருபுறமும் நீளமான கைப்பிடி வேண்டும். தூண்கள் மரத்தில். பிடிக்கிற கம்பிகள் அலுமினியக் குழாயில். தூண் ஆடாமலிருக்க அடியில் 'எல்' வடிவ இரும்பு ஆங்கிள் துண்டுகள் ஆறு.

"மரம்னா சரி டாக்டர். அலுமினியம், இரும்பெல்லாம் நான் அறுத்ததே இல்லையே."

"அறுத்துப் பாத்தா தெரிஞ்சிடப் போகுது," என்றார் டாக்டரம்மா.

அரையங்குலத்திடம் இப்படிச் சொன்னால் போதும். தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. மத்தியானமே ஹார்டுவேர் கடைக்குப் போய் நின்றாள்.

கடைக்காரருக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. தெரியாததையும் தெரிந்த மாதிரிச் சொல்வது அவருக்குக் கைவந்த கலை. மேல் தட்டிலிருந்து ஒரு பிளேடை எடுத்துப் போட்டார். "உங்க மர மிஷின்லயே இதை மாட்டுங்க. இரும்பு, கிரும்பு, அலுமினியம் எல்லாத்தையும் வகுந்து தள்ளிடும். காலையிலகூட நம்ம போர்டுக்காரர் ஒண்ணு வாங்கிட்டுப் போனார்." போர்டுக்காரர் என்றால் இரண்டு தெரு தள்ளி விளம்பரப் பலகை செய்கிறவர்.

பட்டறைக்கு வந்து மின்ரம்பத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, மரம் அறுக்கிற பிளேடைக் கழற்றினாள். கைப்பிடியைப் பிடித்துக் கீழே இறக்கி அறுக்கிற ரம்பம் அது. எட்டு வருஷமாக அவளிடம் உழைக்கிறது. புது பிளேடின் நடு ஓட்டை அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. ஆனால் பிளேடு முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. துணியால் துடைத்தபோது அடியிலிருந்து எழுத்துகள் தெரிந்தன. ஓர் அம்புக்குறி. பற்கள் 48. அதற்குக் கீழே, பொடி எழுத்தில், அதிகபட்சம் 2500 ஆர்.பி.எம்., அதாவது நிமிஷத்துக்கு அத்தனை சுற்று.

இதை ஏன் எழுதியிருக்கிறார்கள் என்று யோசித்தாள். யாரோ ஒருவர் மெனக்கெட்டு அச்சு செய்து இரும்பில் பதித்திருக்கிறாரே, சும்மாவா பதிப்பார்? ரம்பத்தின் பக்கவாட்டில் ஒரு தகடு உண்டு. எட்டு வருஷமாக அதில் தூசி தட்டியிருக்கிறாள், ஒரு நாளும் படித்ததில்லை. குனிந்து பார்த்தாள். 4800 என்றிருந்தது.

பிளேடை மாட்டாமல் மேஜைமேல் வைத்துவிட்டுக் கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

அவன் வரும்போது கையில் டார்ச் விளக்கு மாதிரி ஒரு கருவி இருந்தது. லிஃப்ட் மோட்டார் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்க்க வைத்திருப்பது. சுற்றுகிற பொருளில் ஒரு பளபளப்பான பட்டையை ஒட்டிவிட்டு, தள்ளி நின்று வெளிச்சத்தைக் காட்டினால் அது எண்ணிச் சொல்லிவிடும்.

"தகட்டுல 4800னு போட்டா 4800தான் ஓடுமா தம்பி? நம்ம மிஷினுக்கு வயசாச்சே. ஒருவேளை பாதிதான் ஓடுதோ என்னவோ."

"அதான் கேட்டுருவோம், மிஷினையே."

பழைய மர பிளேடைத் திரும்ப மாட்டி, பட்டையை ஒட்டி, இருவரும் ஒதுங்கி நின்று ஓடவிட்டார்கள். கருவியில் எண்கள் ஏறி ஏறி 4760-இல் நின்றன.

"வயசானாலும் வேகம் குறையல," என்றாள் அவள், கொஞ்சம் பெருமையாக. பிறகு புது பிளேடைப் பார்த்தாள். "அப்ப இது 2500க்கு மேல போனா என்ன ஆகும்? கொஞ்ச நேரம்தானே, ஆறு துண்டுதானே?"

"எங்க லிஃப்ட்ல எட்டு பேர்னு எழுதியிருப்போம். ஒன்பதாவது ஆள் ஏறினா மணி அடிச்சுக் கத்தும், நகராது. இதுக்குக் கத்தத் தெரியாது அண்ணி. கேக்கிற வேகத்துக்கெல்லாம் சுத்தும்." அவன் ஒரு பல்லைத் தொட்டுக் காட்டினான். "பாருங்க, பல் தனி, வட்டு தனி. பத்த வெச்சு ஒட்டியிருக்கான். வேகம் ரெண்டு மடங்கானா பல்லை வெளிய இழுக்கிற இழுப்பு நாலு மடங்கு ஆகும். அதோட இரும்புல மோதுற அடி வேற."

"நாலு மடங்கா? ரெண்டுக்கு ரெண்டுதானே வரணும்?"

அதற்கு அவன் ஒரு நட்டைக் கயிற்றில் கட்டிக் கொடுத்தான். வாசலில் இறங்கி மெதுவாகச் சுற்றினாள், பிறகு வேகமாகச் சுற்றினாள். கயிறு விரலை அறுத்தது. திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தாள். எதிர்வீட்டு மனுஷி ஜன்னலைத் திறந்து, "உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்ட பிறகுதான் நிறுத்தினாள்.

கடைக்குப் போனார்கள். பிளேடைக் கல்லாமேல் வைத்து எண்ணைக் காட்டியபோது கடைக்காரர் கையை வீசினார். "அதெல்லாம் கம்பெனிக்காரன் பயமுறுத்தறதுக்கு எழுதறது."

"சரி, மத்ததுலயும் பயமுறுத்தியிருக்கானான்னு பாக்கலாமா?"

கடைக்காரர் முனகிக்கொண்டே இறக்கிக் கொடுத்தார். தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, மூன்று பேரும் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பிளேடாகத் துடைத்துப் படித்தார்கள். மர பிளேடுகள் ஆறாயிரம், ஏழாயிரம். இரும்புக்கானவை இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு, மிஞ்சிப்போனால் மூவாயிரம். நடுவில் ஒன்று அரையங்குலத்தின் கையில் வித்தியாசமாகப் பட்டது. அதன் பற்கள் முன்னால் பாயாமல், யாரோ பின்னால் பிடித்து இழுத்த மாதிரிச் சாய்ந்திருந்தன. அலுமினியத்துக்கு மட்டும் என்றிருந்தது. 6000.

"இது ஏன் பின்னாடி சாய்ஞ்சிருக்கு?"

"முன்னாடி சாய்ஞ்சா மெத்துன்னு இருக்கிற உலோகத்துல கொக்கி மாதிரி மாட்டிக்கும்ல. இது சுரண்டிட்டுப் போகும்," என்றான் கொழுந்தன்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தன் கடைச் சரக்கை முதல்முறை பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்தார். "போர்டுக்காரர்."

போன் அடித்தது, எடுக்கவில்லை. ரம்பம் ஓடும்போது போன் எங்கே கேட்கும்? மூவரும் கடையை அப்படியே போட்டுவிட்டு நடந்தார்கள். இரண்டாவது தெரு திரும்பியதும் ஓடினார்கள்.

போர்டுக்காரர் பட்டறை வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "என்னங்க, ஊர்வலமா வர்றீங்க? பிளேடு பிரமாதம். ஒன்பது ஆங்கிள் வெட்டியாச்சு. தீபாராதனை மாதிரி பொறி பறக்குது."

அரையங்குலம் மூக்கைச் சுருக்கினாள். உள்ளேயிருந்து மரம் கருகும் வாசனை வந்தது. தீயில்லை, புகையும் கண்ணுக்குத் தெரியவில்லை. ரம்பத்தின் பின்னால் மரத்தூள் பிடிக்கிற துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. கையை அருகில் கொண்டுபோனாள், சூடு அடித்தது. ஒயரைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, பையை இடுக்கியால் கழற்றி வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் வாளிக்குள் அமுக்கினாள். உஸ்ஸென்று சத்தம் வந்தது. கிழித்துப் பார்த்தபோது தூளுக்கு நடுவே தேங்காய் அளவுக்குக் கனன்று கருகியிருந்தது. பை நிறைய மரத்தூள், அதற்குள் இரும்புப் பொறி. டீ குடித்து முடித்து அவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தால்?

போர்டுக்காரர் டீ டம்ளரைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

கொழுந்தன் பிளேடைக் கழற்றி விரல்விட்டு எண்ணினான். இரண்டு முறை எண்ணினான். "நாப்பத்தாறு."

"நாப்பத்தெட்டு இருக்கணும்," என்றாள் அரையங்குலம்.

"நடுவுல ரெண்டு தடவை டிக்குனு ஒரு சத்தம் வந்துச்சு," என்றார் போர்டுக்காரர். "ஏதோ துண்டு தெறிச்சுதுன்னு நெனச்சேன்."

நான்கு பேரும் தேடினார்கள். தரையைப் பெருக்கினார்கள், காந்தத்தை இழுத்துப் பார்த்தார்கள். கடைசியில் அரையங்குலம் தான் ரம்பத்தின் முன்னால் வழக்கமாக நிற்கிற மாதிரி நின்று, அங்கிருந்து ஒவ்வொரு திசையாகப் பார்த்தாள். போர்டுக்காரர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒட்டுப்பலகைத் தடுப்பு ஒன்று இருந்தது. அதில், அவருடைய காது உயரத்தில், பென்சில் முனை அளவுக்கு ஒரு புள்ளி. உளியால் நெம்பியபோது சின்னப் பல் ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது.

போர்டுக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இன்னொரு பல் கிடைக்கவேயில்லை.

"தப்பு எம்மேலதான்," என்றார் கடைக்காரர். கடைக்குத் திரும்பியதும் அந்த வகை பிளேடு வாங்கியவர்களை ஞாபகத்திலிருந்து ஒவ்வொருவராக எழுதி, மாலைக்குள் ஏழு பேரையும் பிடித்துவிட்டார். அதில் ஒருவர் அதைச் சுவர்க் கடிகாரம் செய்ய வாங்கியிருந்தாராம்.

புதன்கிழமை அரையங்குலம் அலுமினிய பிளேடை மாட்டினாள். முதலில் ரம்பத்திலும் மேஜையிலும் இருந்த மரத்தூளை மூலை முடுக்கு விடாமல் துடைத்தெடுத்து, தூள்பையைக் கழற்றி வெளியே வைத்தாள். குழாய் உருளாமலிருக்க மரக்கட்டையில் பள்ளம் வெட்டி அதில் படுக்கவைத்து, இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினாள். பற்களில் மெழுகு தேய்த்தாள். முகத்துக்கு முழு மறைப்பு போட்டுக்கொண்டாள். கையுறையைக் கொழுந்தன் நீட்டியபோது, "சுத்துறதுகிட்ட கையுறை வேணாம் தம்பி, அது துணியைப் பிடிச்சா கையையும் சேத்து இழுக்கும்," என்று தள்ளினாள். அது அவளுக்கு முன்பே தெரிந்த விஷயம்.

ரம்பம் முழு வேகத்துக்கு வரும்வரை காத்திருந்து, மரத்துக்கு இறக்குவதில் பாதி வேகத்தில் இறக்கினாள். சத்தம் வேறு மாதிரி இருந்தது, கூர்மையாக, ஒரே சுருதியில். பொறி இல்லை. வெள்ளித் துகள்கள் மட்டும் பொலபொலவென்று கொட்டின. பிளேடு நின்ற பிறகுதான் கைப்பிடியை மேலே தூக்கினாள். துண்டின் முனை கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் தன் மூக்கு தெரிகிறதா என்று பார்த்தாள், தெரிந்தது.

"இன்னொண்ணு அறுக்கலாமா?" என்றான் கொழுந்தன்.

"இரு, இது ஏன் இவ்வளவு வழவழன்னு வருது?"

இரும்பு ஆங்கிளை அந்த ரம்பத்தின் பக்கமே கொண்டுபோகவில்லை. ஆறு துண்டையும் கைரம்பத்தால் அறுப்பதாகக் கொழுந்தன் வீரமாக ஒப்புக்கொண்டான். இரண்டாவது துண்டிலேயே சட்டை நனைந்து ஒட்டியது. மீதி நான்கையும் வெல்டிங் பட்டறையில், மெதுவாகச் சுற்றுகிற இரும்பு ரம்பத்தில் கொடுத்து வாங்கினார்கள்.

சனிக்கிழமை கைப்பிடிகளை டாக்டரம்மாவின் அறையில் பொருத்தினார்கள். முதலில் நடந்து பார்த்தவர் பக்கவாதம் வந்து தேறிவரும் ஒரு பழைய தபால்காரர். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மா முதுகைத் தாங்கி வர, மூச்சு வாங்க, பதினோரு அடி நடந்தார். கோடியில் நின்று திரும்பிப் பார்த்து, "இவ்வளவு தூரமா வந்துட்டேன்?" என்று கேட்டார். பிறகு யார் கையும் இல்லாமல், கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடக்க ஆரம்பித்தார்.