திறக்காத பெட்டி

என் கணவருக்குத் தங்கக் காது என்று பேச்சு. பேசுகிறவர்கள் அவருடைய யூடியூப் சேனலைப் பார்க்கிறவர்கள். ஹெட்ஃபோன், அதற்கு ஒலியைக் கூட்டித் தரும் ஆம்ப் என்று எது வந்தாலும் கேட்டுப் பார்த்து, கேமரா முன்னால் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார். நான் அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் மட்டும் அந்தத் தங்கக் காதில் விழாது.

அவருடைய சொந்த ஆம்ப் கறுப்பாக, தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்கிற கனத்தில், ஹாலில் தனி மேஜையில் இருக்கும். அதை வாங்கிய வருடம் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவு மூடாமல் கயிறு போட்டுக் கட்டினேன். கயிறு இன்னும் அவிழ்க்கவில்லை. தினமும் மாலை ஸ்விட்சைப் போட்டு, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் பார்ப்பார். "சூடேறணும். சூடேறினாத்தான் குரல் இறங்கி வரும்" என்பார்.

என் தம்பி டிவி சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தவன். வேலை முடிந்த நேரத்தில் உள்ளங்கை அளவில் ஒரு ஆம்ப் செய்தான். விலை ரொம்பக் குறைவு. நாலு பேர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் வேலையை விட்டுவிட்டு அதிலேயே இறங்கினான். அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது என் கணவரிடம் வாயை விட்டான்.

"மாமா, சில ஹெட்ஃபோனுக்கு நிறைய பவர் வேணும், அதுக்கு என்னோடது பத்தாது. ஆனா உங்ககிட்ட இருக்கறதுக்குத் தாராளமாப் பத்தும். மேல குடுத்த காசெல்லாம் டப்பாவுக்குத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

தம்பிக்கு இதெல்லாம் புரியாது. அவனே ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, சேனலில் கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனான். "மாமா ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னாப் போதும்க்கா, பிழைச்சுக்குவேன்" என்று வாசலில் என்னிடம் சொன்னான்.

மறுநாள் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு ஓடி வந்தான். "அடாப்டரைப் பெட்டில வைக்க மறந்துட்டேன்க்கா. இது இல்லாம அது எரியவே எரியாது. மாமாகிட்ட குடுத்துடு." எங்கேயோ மலிவாகக் கிடைத்த அடாப்டர், சொருகும் பின் ஒரு தினுசு. வேறெந்த அடாப்டரும் அந்தப் பெட்டிக்குள் நுழையாது. கவுண்டரில் கூட்டம். வாங்கிக் கைப்பையில் போட்டேன், போட்டதை மறந்தேன். அவராவது கேட்டிருந்தால் நினைவு வந்திருக்கும். அவர் கேட்கவே இல்லை.

அந்த வாரமே வீடியோ வந்தது. கடையின் பின்னறையில் மருந்து அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, ஒரு கையில் டீயோடு போனில் பார்த்தேன்.

"ஒலி வறண்டிருக்கு. குரல்ல உயிரே இல்ல. பாஸ், அதான் அடிச்சத்தம், கீழ இறங்கவே மாட்டேங்குது. விலை குறைவா இருக்குன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல. வேணும்னா வாங்கி, பேப்பர் பறக்காம மேல வச்சுக்குங்க."

டீயைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பைக்குள் கையை விட்டேன். அடாப்டர் அங்கேதான் இருந்தது, ரப்பர் பேண்ட் சுற்றியபடி.

அன்று மாலை சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "தம்பி பெட்டிய நல்லாக் கேட்டீங்களா?"

"ரெண்டு நாள் விடாம ஓட விட்டுத்தான் கேட்டேன். உன் தம்பிங்கறதுக்காக என் காது பொய் சொல்லுமா?"

அடாப்டரை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டியிருக்கலாம். ஆனால் அவர் வாய் எனக்குத் தெரியும். வேறெப்படியோ எரிய வைத்தேன் என்று ஒரு கதை விட்டு, என்னையே மடக்கிவிடுவார். அவர் பொய் சொன்னதை அவர் வாயாலேயே, அதே கேமரா முன்னால் சொல்ல வைக்க வேண்டும். அதற்குக் குறைந்து எதற்கும் ஒப்புக்கொள்வதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

தம்பிக்கு வந்த ஆர்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. விற்காத பெட்டிகள் அவன் கட்டிலுக்கடியில் போயின. பழைய சர்வீஸ் சென்டருக்கே திரும்பப் போனான். அவனிடம் வேலை கற்றுக்கொண்டவனே இப்போது அவனுக்கு மேலாள். "பரவாயில்லக்கா" என்று அவன் சொல்லும்போதெல்லாம் என் கோபம் ஒரு சுற்றுப் பெருத்தது.

என் கணவர் தன் தங்கையின் வீட்டுக்கு ஒரு வாரம் போனார். அவர் பஸ் ஏறியதும் தம்பிக்குப் போன் போட்டேன்.

"மாமாவோட ஆம்ப்பைத் திற. உள்ள இருக்கறதைக் கழட்டு. உன்னோடதை வை."

"வேணாம்க்கா. என்ன இருந்தாலும் மாமா."

"மாமாங்கறதாலதான் சொல்றேன். யாரோ எவரோ பண்ணியிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு விட்டிருப்பேன்."

அரை மனதோடுதான் வந்தான். ஆனால் மூடியைக் கழற்றியதும் தொழில்காரப் புத்தி விழித்துக்கொண்டது. கனம் குறையாமலிருக்கப் பெரிய டிரான்ஸ்ஃபார்மரை அப்படியே விட்டான். பழைய குமிழ், பழைய விளக்கு, பழைய சொருகு துளை எல்லாவற்றுக்கும் தன் போர்டிலிருந்து வயர் இழுத்தான். எல்லாம் முடிந்து மூடியைப் போடும்போது தலையைச் சொறிந்தான்.

"ஒரு சிக்கல்க்கா. என்னோடது சூடாகாது. மாமா தொட்டுப் பாப்பாரே."

இரண்டு பேரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவன் பையைத் துழாவி நகத்தளவு ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து மூடிக்கடியில் பொருத்தினான். ஒலிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கரண்டைத் தின்று சூடாவது மட்டும்தான் அதன் வேலை. ரொம்ப நாளைக்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

திரும்பி வந்த அன்று அவர் குளித்துவிட்டு நேரே மேஜைக்குத்தான் போனார். ஸ்விட்சைப் போட்டார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், திருப்தியானார். ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடினார். நான் அடுக்களையில் வெங்காயத்தை அளவில்லாமல் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒரு வாரம் ஓய்வு குடுத்தது நல்லதாப் போச்சு" என்றார். "என்னமாப் பாடுது பார்."

கடையில் இதைத் தினமும் பார்க்கிறேன். ஒரே மருந்துதான், விலை கூடின அட்டையைக் கொடுத்தால் கையில் வாங்கும்போதே பாதித் தலைவலி போய்விடும் சிலருக்கு. அவர்கள் பாவம், யார் பிழைப்பிலும் மண்ணைப் போடுவதில்லை.

நான் அவசரப்படவில்லை. மழைக்காலம் போய் வெயில் வந்தபோது அவரே வந்து வலையில் விழுந்தார். "என் ஆம்ப், பழகப் பழக" என்று ஒரு வீடியோ போட்டார். "இப்பத்தான் முழுசாத் திறந்திருக்கு. சமீபத்துல இவ்வளவு உயிரோட நான் எதுலயும் கேட்டதில்ல. காசு இங்கதான் பேசுது" என்று உருகினார்.

அடுத்த விடுமுறை நாளில், மதியச் சாப்பாடு முடிந்து அவர் மேஜைக்கு வந்தபோது, ஆம்ப் பக்கத்தில் அடாப்டரையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"என்ன இது?"

"தம்பி பெட்டியோட அடாப்டர். நீங்க ரெண்டு நாள் விடாம ஓட விட்டீங்களே, அப்ப இது என் கைப்பையில இருந்துச்சு."

அவர் வாயைத் திறந்தார். நான் விடவில்லை.

"இருங்க, இன்னொன்னும் இருக்கு. நீங்க உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வந்த நாள்லேருந்து இந்த டப்பாக்குள்ள பாடறது என் தம்பியோட போர்டு. உங்களோடது அவன் கட்டிலுக்கடியில கிடக்கு. நம்பலன்னா திறந்து பாருங்க."

அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்தார்.

"சூடாகுதே."

"அதுக்குத் தனியா ஒன்னு வச்சிருக்கான்."

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். இரக்கம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. தம்பியின் "பரவாயில்லக்கா"தான் காதில் கேட்டது.

"ரெண்டுல ஒன்னை நீங்க கேமரா முன்னாடி சொல்லணும். ப்ளக்கே போடாம திட்டினேன்னு சொல்லுங்க. இல்ல, இத்தனை மாசமா வித்தியாசம் தெரியலன்னு சொல்லுங்க. ஒன்னு போதும். மத்ததை நான் யார்கிட்டயும் பேச மாட்டேன்."

அவர் யோசிப்பார் என்று எதிர்பார்த்தேன். உடனே சொன்னார். "ப்ளக் போடலன்னு சொல்லிடறேன்."

பொய்யன் என்று பேர் வாங்கலாம், காது போய்விட்டது என்று பேர் வாங்கக் கூடாது. அவ்வளவு வருடம் கூட வாழ்ந்த மனிதரை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

சொன்னார். அன்று மாலையே, கேமராவைப் பார்த்து, தம்பியின் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு. பார்த்தவர்கள் அவரைக் கிழிகிழி என்று கிழித்தார்கள். அந்தக் கூச்சலிலேயே தம்பியின் பெயர் நாலு இடத்துக்குப் போய், கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிகள் வெளியே வரத் தொடங்கின. "மாமாவை இவ்வளவு தூரம் இழுத்திருக்க வேணாம்க்கா" என்றான் தம்பி, பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டே.

"என்னோடதை உள்ள வைக்கச் சொல்லு" என்றார் என் கணவர். தம்பி முகத்தில் முழிக்க அவருக்குத் தைரியமில்லை. நானே ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு போனேன், மாலையில் தூக்கிக்கொண்டு வந்தேன். மேஜையில் வைத்து, வயரை மாட்டி, ஸ்க்ரூ டிரைவரை மூடியின் மேல் வைத்தேன்.

"வச்சாச்சா? இப்ப உள்ள இருக்கறது எது?"

"கேட்டுப் பாருங்க. உங்களுக்குத்தான் காது இருக்கே."

எது என்று எனக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும். நாலு திருகைக் கழற்றினால் அவருக்கும் தெரிந்துவிடும். ஆனால் கழற்றினால், கேட்டுத் தெரியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். தினமும் மாலை ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடுகிறார். முன்போல் நெடுநேரம் மூட முடியவில்லை. ஒரு பாட்டு முடிவதற்குள் கண்ணைத் திறந்து அந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்க்கிறார்.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. காலையில் மேஜையைத் துடைக்கும்போது ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அடியில் இருக்கும் தூசியைத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் திரும்ப வைக்கிறேன்.