குழாய்க்குள் சிக்கிய வசனம்

நாடகம் தொடங்க அரை மணி நேரம்கூட இல்லை. அரங்கின் பின்வரிசையில் மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் தங்கை. முன்வரிசையில் அண்ணன். காய்ச்சல் வந்து காது போன பிறகு அவன் நாடகம் பார்க்க வருவது இதுதான் முதல் தடவை. மகள் ராஜா வேஷம் போடுகிறாள், வராமல் இருப்பானா?

அவனுக்காகவே தங்கை இரண்டு கணினி புரோகிராம் எழுதியிருந்தாள். ஒன்று மேடைப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும். மற்றது அந்த எழுத்தைச் சுவரிலிருந்த பெரிய மின்பலகையில் காட்டும். நடுவே ஒரு பைப். குழாயில் தண்ணீர் போவதுபோல ஒன்றிலிருந்து மற்றதற்கு எழுத்து ஓட வேண்டும். தனியாக ஓட்டியபோது கேட்கும் புரோகிராம் மடிக்கணினித் திரையில் சமர்த்தாக வரிக்கு வரி எழுதியது. பைப்பில் இணைத்ததும் பலகை கம்மென்று கிடந்தது.

சோதனைக்காக அண்ணி மைக்கில் பேசிக்கொண்டே இருந்தாள்.

"எவ்வளவு நேரம்டி பேசுறது? எனக்குத் தெரிஞ்ச கதையெல்லாம் தீந்துபோச்சு."

"இன்னும் கொஞ்சம் அண்ணி, ப்ளீஸ்!"

அண்ணி பக்கத்து வீட்டு வம்பை எடுத்தாள். சட்டென்று பலகை நிரம்பி வழிந்தது. அவள் அதுவரை பேசியதெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது.

"அடியே! கல்லு மாதிரி இருந்துட்டு இப்ப மொத்தமா கொட்டுதே. உங்கண்ணனுக்குக் கோவம் வந்தா இப்படித்தான்!"

தங்கைக்குப் பொறி தட்டியது. பழுது பலகையில் இல்லை. கேட்கும் புரோகிராம்தான் எழுத்தைப் பதுக்கி வைத்திருக்கிறது! ஆள் பார்க்கும் திரை என்றால் வரி முடிந்ததும் விட்டுவிடும். பைப் என்றால் எழுத்தைச் சேர்த்துச் சேர்த்து ஒரு மூட்டை நிறையும்வரை கையை விட்டு விடாது.

"அண்ணி, நீங்க தெய்வம்!"

"அது தெரிஞ்ச விஷயந்தானே. சீக்கிரம் பண்ணு, மணி அடிக்கப் போறாங்க."

ஒவ்வொரு வரியையும் உடனே வெளியே தள்ளச் சொல்லி ஒரே ஒரு கட்டளை. விரல் பரபரத்ததில் இரண்டு முறை தப்பாக அடித்துத் திருத்தினாள். மணி அடித்தது. திரைச்சீலை விலகியது.

"யார் அங்கே?" என்றாள் மேடையில் அண்ணன் மகள்.

'யார் அங்கே?' என்றது பலகை, மூச்சுவிடுவதற்குள்.

அண்ணன் நிமிர்ந்தான். தங்கைக்கு இருப்புக்கொள்ளவில்லை, எழுந்தே நின்றுவிட்டாள்.

"மந்திரியை இழுத்து வாருங்கள்!" ராஜா கர்ஜித்தார்.

'முந்திரியை இழுத்து வாருங்கள்!' என்று எழுதியது பலகை.

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். கூட்டம் கிசுகிசுத்தது. பலகையை ஓரக்கண்ணால் பார்த்த ராஜா இடுப்பில் கையை வைத்தார்.

"ஆமா, அப்படியே நல்லா வறுத்தே இழுத்துட்டு வாங்க!"

அந்த வரியும் பலகையில் விழுந்தது, அரங்கமே குலுங்கியது. அண்ணன் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். யாரும் அவனுக்கு எழுதிக் காட்டவில்லை, சைகை செய்யவில்லை. எல்லோரும் சிரித்த அதே நொடியில் அவனும் சிரித்தான். திரும்பிப் பின்வரிசையில் தங்கையைத் தேடி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினான்: "பாத்தியா என் பொண்ண!"

தங்கை இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். அண்ணி வாயில் விரலை வைத்து விசிலடித்தாள். மேடைக்கு வந்து நின்ற மந்திரிதான் பாவம், அடுத்து என்ன பேசுவதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.