டெரிநாஷாவில் ஆறாத கட்டில்

1921ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் வாரத்தில், ஜெரமையா கெல்லஹரின் வீட்டுக் கட்டிலில் ஐரிஷ் விடுதலைப் படையின் கேப்டன் ஆம்ப்ரோஸ் கீலி ஒரு பகல் படுத்து எழுந்தார். அதன் பிறகு அந்தக் கட்டில் ஆறவே இல்லை. முதல் இரண்டு நாள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இறகு மெத்தை மனிதச் சூட்டைக் கொஞ்சம் பிடித்துவைக்கத்தான் செய்யும். மூன்றாம் நாள் ஜெரமையாவின் மனைவி அபினா மெத்தையைத் தூக்கிப்போய் வேலிமேல் போட்டாள். வேலியில் படிந்திருந்த உறைபனி உருகிச் சொட்டியது, மெத்தை ஆறவில்லை. கட்டில் சட்டத்தைத் தொட்டாள், அதுவும் சூடு. அடுப்பிலிருந்து இறக்கிக் கால் மணி நேரமான ரொட்டியின் சூடு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த வாரம் டன்மான்வே சந்தையில் பன்றிக்குட்டி முப்பத்திரண்டு ஷில்லிங்குக்குப் போனது. இரண்டு செய்தியும் டெரிநாஷா தேவாலயப் பங்கு முழுவதும் ஒரே நாளில் பரவின.

கேப்டனின் படையில் இருபத்திரண்டு பேர். பறக்கும் படை என்று பெயர். ஒருவரும் பறக்கவில்லை, நடந்தே தேய்ந்தார்கள். இரவெல்லாம் சதுப்பிலும் குன்றிலும் நடந்து ஆங்கிலப் பட்டாளத்தின் லாரிகளைத் தாக்கக் காத்துக் கிடப்பார்கள். விடியும்போது ஒருவர் இருவராகப் பிரிந்து வீடுகளுக்கு வருவார்கள். வந்தவர்களுக்கு வீட்டுக்காரர் தம் சொந்தப் படுக்கையைக் கொடுக்க வேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை, ஆனால் வைக்கோலில் படுக்கவைத்த வீட்டைப் பற்றி மூன்று தலைமுறை பேசும். கணவனும் மனைவியும் எழுந்த சூடு தணிவதற்குள் காலணியைக் கழற்றிவிட்டு அவர்கள் படுத்துக்கொள்வார்கள். ஆண்கள் வயலுக்குப் போவார்கள். பெண்கள் அடுப்படியில் வேலை பார்ப்பார்கள். நடுவில் ஒரு பலகைச் சுவர்.

ஜெரமையாவின் தொல்லை அந்தப் பலகைச் சுவரில்தான் தொடங்கியது. அவருக்கு நாற்பத்தாறு வயது, அபினாவுக்கு இருபத்தொன்பது. தரகர் பேசி முடித்த கல்யாணம். ஆறு ஆண்டுகளாகச் சண்டையில்லாமல் நடந்த குடும்பம். கேப்டனுக்கு இருபத்தைந்து, ஒடிசலான உடம்பு, சிவந்த காது, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் வழக்கம். அவர் பிப்ரவரியில் ஒரு தடவை வந்தார், மார்ச்சில் இரண்டு தடவை, ஈஸ்டருக்குப் பிறகு நான்கு நாள் தொடர்ச்சியாக. அந்த நான்கு நாளில் வயலில் இருந்த ஜெரமையா எத்தனை தடவை வீட்டுக்கு வந்தார் என்பதை எதிர்ச் சரிவில் ஆடு மேய்த்தவர்கள் சொல்வார்கள்.

"மறுபடியும் என்ன மறந்துட்ட?" என்று அபினா கேட்டாள்.

"மண்வெட்டி."

"மண்வெட்டி உன் கையிலதான் இருக்கு, ஜெரி."

கேப்டனின் கிழிந்த காலுறையை அவள் தைத்துக்கொண்டிருந்தாள். தன் காலுறையில் அதே அளவு ஓட்டை செப்டம்பர் கடைசியில் வந்த மைக்கேல் திருநாளிலிருந்து கிடப்பது ஜெரமையாவுக்கு அப்போது நினைவுக்கு வந்தது. கேப்டன் போன பிறகும் நிம்மதி இல்லை. தன் கட்டிலில், தன் மனைவி பக்கத்தில் படுத்தால், முதுகுக்குக் கீழே இன்னொருவனின் சூடு. புரண்டு படுத்தால் அந்தப் பக்கமும் அதே. அபினா மட்டும் நன்றாகத் தூங்கினாள். அந்தக் குளிர்காலத்தில் அவளுக்குக் கால் வெடிப்புக்கூட வரவில்லை. ஜெரமையா கிணற்றிலிருந்து ஆறு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து மெத்தையில் ஊற்றினார். ஆவி எழுந்தது; மாலைக்குள் காய்ந்துவிட்டது. "நல்லதுதான், அழுக்குப் போச்சு" என்றாள் அபினா.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. படையினர் படுத்த பத்தொன்பது வீட்டுக் கட்டில்களும் அப்படியே இருந்தன. பங்கில் மொத்தம் எழுபத்து மூன்று வீடு. மிச்சம் ஐம்பத்து நான்கு வீட்டிலும் கட்டில்கள் குளிர்ந்து கிடந்தன. அந்தக் குளிரைப் போல மனிதரைச் சுட்டது வேறொன்றும் இல்லை. ஞாயிறு பூசையில் சூட்டுக் கட்டில் வீட்டுப் பெண்கள் சால்வையைத் தோளில் தளர்த்திவிட்டு உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் அதைப் பார்க்காததுபோல் ஜெபமாலையை உருட்டினார்கள். ஓடைக்கு அந்தப்பக்கம் இருந்த மாட்ஜ் டூமிக்கு இது பொறுக்கவில்லை. அவளிடம் எட்டுக் கம்பளிப் போர்வை இருந்தன. பங்கில் வேறு யாரிடமும் ஐந்துக்கு மேல் இல்லை. ஆனால் அவள் வீடு பெரிய சாலையோரம், போலீஸ் முகாமின் ஜன்னலுக்கு நேராக நின்றது. அதனால்தான் படை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. காரணத்தை அவளிடம் பங்குத் தந்தையே விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் மாட்ஜ், வெண்ணெய் கடன் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரியை உள்ளே இழுத்தாள். "தொட்டுப் பாரு. அட, சும்மா தொடு. நாலு பேரு படுத்துட்டுப் போனாங்க. பேரெல்லாம் கேக்காத, சொல்லக் கூடாது." கட்டில் சூடாக இருந்தது. அடுப்பில் சுட்ட ஆறு செங்கல் துணியில் சுற்றி மெத்தைக்குக் கீழே இருந்ததும் வந்தவளுக்குக் கையில் தட்டுப்பட்டது. அவள் வீட்டுக்குப் போய்த் தன் அடுப்பில் எட்டுச் செங்கல் வைத்தாள். மே மாதம் முடிவதற்குள் ஐம்பத்து நான்கு வீடும் செங்கல்லாலும், வெந்நீர் ஜாடியாலும், ஒரு வீட்டில் நிரந்தரமாகப் படுக்கவைக்கப்பட்ட இரண்டு நாய்களாலும் சூடேறிவிட்டன. வெயில் காலத்தில் எல்லாப் புகைபோக்கியிலும் புகை. சதுப்பில் வெட்டி அடுத்த குளிர்காலத்துக்கு அடுக்கிய எரிமண் கட்டி பாதி கரைந்தது. கெரில்லாக்களுக்கு இடம் கொடுத்த வீட்டுக் கூரையைப் பட்டாளம் கொளுத்திக்கொண்டிருந்த மாதங்கள் அவை. இடம் கொடுக்காதவர்கள் கொடுத்ததாகக் காட்டிக்கொள்ளப் பாடுபட்டது எங்கள் பங்கில் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஜெரமையாவுக்கு இந்தச் செங்கல் விஷயம் எதுவும் தெரியாது. அவர் யார் வீட்டுக்கும் போவதை நிறுத்தியிருந்தார். ஜூன் நடுவில் கேப்டன் மறுபடி வந்து ஒரு பகல் படுத்துவிட்டுப் போனார். அன்று மாலை அபினா ரொட்டி மாவைப் பிசைந்து, பொங்கட்டும் என்று கிண்ணத்தோடு கட்டிலில் வைத்து, போர்வையை இழுத்து மூடினாள். குழந்தையை மூடுவதுபோல மூடினாள் என்று ஜெரமையாவுக்குப் பட்டது. மறுநாள் காலை பால் நிலையத்தில் போலீஸ் சார்ஜண்ட் மகில் நின்றுகொண்டிருந்தார். ஸ்லைகோ பக்கத்து ஐரிஷ்காரர், இருபத்திரண்டு வருட சர்வீஸ், ஓய்வூதியத்துக்கு நாள் எண்ணுபவர். ஜெரமையா பால் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், "படை வந்த வீடு தெரியணும்னா, படுக்கையைத் தொட்டுப் பாருங்க, சார்ஜண்ட்" என்றார். அவ்வளவுதான். கேப்டனைச் சாலையில் வைத்துப் பிடிப்பார்கள், இல்லையென்றால் அவர் வேறு மாவட்டத்துக்கு ஓடிவிடுவார் என்பது அவர் கணக்கு. தன் தலைக்கு மேலே வைக்கோல் கூரை இருப்பது அந்தக் கணக்கில் வரவில்லை. காட்டிக்கொடுத்தவனுக்கு என்ன நடக்கும் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. அந்த வசந்தத்தில் இரண்டு பேர் சாலையோரம் கழுத்தில் 'உளவாளி' அட்டையோடு செத்துக் கிடந்தார்கள். தெரிந்ததை மறக்கடிப்பதில் பொறாமைக்கு ஈடு கிடையாது.

ஜூன் 21, செவ்வாய்க்கிழமை, நூற்றிருபது சிப்பாய்களோடு ஒரு மேஜர் வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிப்பாய் உள்ளே போய்ப் போர்வைக்கு அடியில் கையை விட வேண்டும் என்பது உத்தரவு. முதல் வீடு மாட்ஜ் டூமியுடையது. சூடு. மேஜர் தீப்பெட்டியைக் கேட்டார். அடுத்த வீட்டையும் பார்த்துவிடலாம் என்றார் சார்ஜண்ட். அதுவும் சூடு. பத்தாவது வீட்டில் மேஜர் தீப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பதினான்காவது வீட்டில், கையை உள்ளே விட்ட சிப்பாய் வெளியே எடுக்கவில்லை. மண்டியிட்ட வாக்கிலேயே தூங்கிப்போனான். அவனை எழுப்பப் போனவன் பக்கத்தில் சாய்ந்தான். முகாமில் மணல்மூட்டைக்கு நடுவே ஈரப் பலகையில் எட்டு மாதம் கண் மூடாமல் படுத்த பையன்கள். பிற்பகலுக்குள் நாற்பத்தொரு பேர் டெரிநாஷாவின் கட்டில்களில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கிகள் பால் பாத்திரங்களோடு சேர்ந்து சுவரில் சாய்ந்து நின்றன. பெண்கள் அவர்களைச் சுற்றிப் பெருக்கினார்கள். மேஜரும் காலணியைக் கழற்றினார் என்று மாட்ஜ் சாகும்வரை சொன்னாள். அதற்கு வேறு சாட்சி இல்லை.

ஜெரமையாவின் வீடு கடைசி. மேஜர் மெத்தையில் உள்ளங்கையை வைத்தார். மற்ற எல்லா வீட்டையும்விட அதிக நேரம் வைத்திருந்தார். பிறகு, "இதுவும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். வாசலில் சார்ஜண்ட் திரும்பி நின்றார்.

"எழுபத்து மூணு வீடு, கெல்லஹர். எழுபத்து மூணும் சூடு. நல்லா முட்டாளாக்கிட்ட என்னை."

அபினா அடுப்பருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கை வடிகட்டினாள், உப்புப் போட்டாள், கணவன் முன்னால் தட்டை வைத்தாள். அன்றிலிருந்து இருபது நாள் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஜெரமையா நாய் குரைத்தால் எழுந்து நின்றார். அவள் படையிடம் ஒரு சொல் சொன்னால் போதும் என்பது அவருக்குத் தெரியும். தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

சோதனை நடந்த அன்றிரவே மேஜர் மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார்: பங்கு முழுவதும் குற்றவாளி, எரிப்பதானால் எல்லாவற்றையும் எரிக்க வேண்டும், சிப்பாய்கள் திரும்பிப் போக மனமின்றி இருக்கிறார்கள். மறுநாள் ஆங்கில மன்னர் பெல்ஃபாஸ்டில் சமாதானம் பேசினார். ஜூலை 11, திங்கட்கிழமை நண்பகல் சண்டை நிறுத்தம் அமலுக்கு வந்தது. ஏன் நின்றது என்று கேட்டால் படித்தவர்கள் பல காரணம் சொல்வார்கள். படையிடம் ஆளுக்குச் சில தோட்டாவுக்கு மேல் இல்லை, ஆயிரக்கணக்கானவர்கள் சிறையில், லண்டன் பத்திரிகைகள் தங்கள் பட்டாளத்தையே ஏசின, ஜெயிக்க இன்னும் எத்தனை பேர் வேண்டும் என்று அமைச்சர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை, இரண்டு பக்கமும் மற்றவனை வீழ்த்த முடியாதென்று கண்டுகொண்டன. எல்லாம் உண்மை.

அன்று நண்பகல் மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் கேப்டன் கீலி பெரிய சாலையின் நடுவில், பட்டப்பகலில், தனியாக நடந்து வந்தார். ஜெரமையா வாசலில் நின்றார். கேப்டன் கை நீட்டினார். ஜூலை வெயிலில் அந்தக் கை, பனியில் கிடந்த மண்வெட்டி இரும்பைப் போலக் குளிர்ந்திருந்தது. அபினா தேநீர் ஊற்றினாள்.

"கேப்டன், இவரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றாள்.

ஜெரமையா வாயைத் திறந்தார். அதற்குள் கேப்டன் பேசிவிட்டார். கேட்காமலே அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"முதல்ல நான் சொல்லிடறேங்க. நீங்க படுக்கை கொடுத்தீங்க, நான் ஒரு நாளும் அதுல தூங்கல. பலகைக்கு அந்தப்பக்கம் நீங்க ரெண்டு பேரும் பேசுறதையே கேட்டுக்கிட்டுக் கிடப்பேன். பசுவுக்குக் கால் வீக்கம்னு பேசுவீங்க. மண்வெட்டி எங்கன்னு சண்டை போடுவீங்க. எனக்கு உள்ளே எரியும். இந்த மனுஷனுக்கு இதெல்லாம் இருக்கே, எனக்கு இல்லையேன்னு. எங்க பசங்க எல்லாருக்கும் அப்படித்தான். உடம்புல இருந்த சூடெல்லாம் அந்தப் படுக்கையிலயே போயிடுச்சு."

அபினா கணவனைப் பார்த்து, "இப்ப நீ சொல்லு" என்றாள்.

"கட்டில் இன்னும் சூடாத்தான் இருக்கு" என்றார் ஜெரமையா. "வேணும்னா எடுத்துட்டுப் போங்க. வண்டி பூட்டித் தரேன்."

கேப்டன் சிரித்தார். கட்டில் வேண்டாம், இன்னொரு கோப்பைத் தேநீர் போதும் என்றார். ஜெரமையா சொல்ல வேண்டியது அது இல்லை என்பதை அபினா அறிவாள். கேப்டன் குடித்து முடிக்கும்வரை அவள் பார்வை கணவன் மேலேயே இருந்தது. பிறகு கோப்பைகளை எடுத்துக் கழுவப் போய்விட்டாள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. பங்கைப் பொறுத்தவரை போர் முடிந்ததற்குக் காரணமும் இதுதான்: மலையில் இருந்தவனுக்கு அடுப்படி வேண்டியிருந்தது, முகாமில் இருந்தவனுக்குச் சூடான கட்டில் வேண்டியிருந்தது, கட்டில் வைத்திருந்தவனுக்குக் கேப்டனாக இருக்க வேண்டியிருந்தது. தான் இருக்கும் இடத்தில் இருக்க விரும்பிய ஒருவர்கூட அந்தக் கோடையில் மிஞ்சவில்லை.

அடுத்த ஆண்டு எங்களுக்குள்ளேயே நடந்த சண்டையில் கேப்டன் தோற்ற பக்கம் நின்றார். பிறகு அமெரிக்கா போய் ப்யூட் நகரத்துச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை வரும். படையினர் ஒவ்வொருவராக மணமுடிக்க முடிக்க, மற்றப் பதினெட்டுக் கட்டில்களும் ஆறின. செங்கல்கள் மதிலுக்குப் போயின. ஜெரமையாவின் கட்டில் மட்டும் ஆறவில்லை. 1937 மார்ச்சில் கேப்டன் மார்ச்சளி கண்டு இறந்ததாகத் தந்தி வந்தது. அபினா தந்தியை அடுப்புத் திட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஜெரமையா பின்னாலேயே போனார். அவள் மெத்தையில் கையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அதே சூடு.

"இது அவரோடது இல்ல, ஜெரி" என்றாள். "ரொம்ப நாளாவே உன்னோடதுதான் போலிருக்கு."

அறுபத்திரண்டு வயது ஜெரமையா முழங்கை வரை சிவந்தார். முந்தைய இரவு தாயை இழந்த ஆட்டுக்குட்டி ஒன்று அடுப்படியில் சாக்கின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. அபினா அதைத் தூக்கிவந்து கட்டிலில் அவர் பக்கம் படுக்கவைத்துப் போர்வையை மூடினாள். ஒரு மணி நேரத்தில் அது எழுந்து பால் கேட்டுக் கத்தியது. அதற்குப் பிறகு பங்கில் நலிந்த குட்டி பிறந்தால் கெல்லஹர் வீட்டுக்குத்தான் கொண்டுவருவார்கள். ஒரு குட்டியும் சாகவில்லை.