ஒரு சொட்டு ஒழுகாது

காப்புரிமை அலுவலகத்திலிருந்து வந்த பதிலை வக்கீல் இரண்டாவது தடவை விளக்கியபோதுதான் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. முதல் தடவை வராததற்குக் காரணம், அப்போது ஒன்றும் புரியவில்லை.

"உங்க கண்டுபிடிப்பு புதுசு இல்லேங்கிறாங்க மேடம். நீங்க விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடியே உலகத்துக்குத் தெரிஞ்ச விஷயமாம்."

"எந்த உலகத்துக்கு? என் பட்டறையை விட்டா இது வேற எங்கே சார் இருந்துச்சு?"

வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தகரக் கூரை போட்ட கான்கிரீட் பட்டறை ஒன்று அவளுடையது. வேலிக் கம்பம், சாலையோரக் கல் என்று கேட்டதையெல்லாம் வார்த்துக் கொடுப்பாள். ஆனால் இது என்னுடையது என்று அவள் நெஞ்சைத் தட்டிச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது வடிகால் துண்டு. இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். 'ப' எழுத்து மாதிரி, மேலே திறந்த கான்கிரீட் துண்டு. ஒன்றின் வாய்க்குள் அடுத்ததன் வாலைச் செருகிக்கொண்டே போனால் தெருவுக்கு வடிகால் தயார். தெரு வளைந்தால் துண்டுகளும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கலவை பூச வேண்டாம், காயக் காத்திருக்க வேண்டாம்.

இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், அந்த வாய்க்குள் விரலை விட்டுக் காட்டுவாள். உள்ளே ரப்பரில் ஒரு நாக்கு இருக்கும். தண்ணீர் வரும் பக்கமாகச் சாய்ந்திருக்கும். தண்ணீர் அமுக்க அமுக்க அது கான்கிரீட்டோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒழுகப் பார்க்கிற தண்ணீரே ஓட்டையை அடைத்துவிடும், அவ்வளவுதான். பார்த்தவர்கள் எல்லோரும் "இவ்வளவுதானா?" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

அந்த 'இவ்வளவுதானா'வை ஒரு பெரிய கம்பெனி மட்டும் கேட்கவில்லை. மாதிரிக்கு வேண்டும் என்று நாலைந்து துண்டுகளை வாங்கிப் போனது. விண்ணப்பம்தான் போட்டாயிற்றே என்ற தைரியத்தில் அவளும் கொடுத்தாள். அப்புறம் அவர்களிடமிருந்து பேச்சு மூச்சே இல்லை. போன மாதம் புறவழிச் சாலையில் போகும்போது பார்த்தால், வரிசையாக அவளுடைய துண்டுகள். அதே வாய், அதே வால், மேலே மட்டும் கம்பெனி முத்திரை. வண்டியை நிறுத்திவிட்டு, ரோட்டோரத்தில் குப்புறப் படுக்காத குறையாகக் குனிந்து, கடைசித் துண்டின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். நாக்கு இருந்தது. காப்புரிமை கிடைத்தால் அவர்களைத் தடுக்கலாம். கிடைக்காவிட்டால் அவள் பட்டறையைப் பூட்டிவிட்டு அவர்கள் போடும் வடிகாலை வேடிக்கை பார்க்கலாம்.

வக்கீல் கணினியை அவள் பக்கம் திருப்பினார். "இதைத்தான் ஆதாரமாக் காட்டியிருக்காங்க."

திரையில் அவளுடைய பட்டறை வாசல். தரையில் வரிசையாக வடிகால் துண்டுகள். குழாயிலிருந்து தண்ணீர் பாய்கிறது, ஒவ்வொரு துண்டாகத் தாண்டி ஓடுகிறது, இணைப்புகள் எல்லாம் காய்ந்து கிடக்கின்றன. பின்னணியில் அவளுடைய தம்பியின் குரல் கூவி விற்காத குறைதான்.

"பாருங்க, நல்லாப் பாருங்க! எங்க அக்கா கண்டுபிடிச்ச வடிகால்! ஒரு சொட்டு ஒழுகாது!"

அத்தோடு வீடியோ முடிந்தது. தலைப்பிலும் அதையே போட்டு, பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி வைத்திருந்தான்.

"அட கடவுளே! இது பழைய துண்டு சார்! இதுல நாக்கே கிடையாது. சும்மா ஒரு ரப்பர் பட்டையை ஒட்டி வச்சிருந்தேன்."

"வெளியே இருந்து பார்த்தா பழசும் புதுசும் ஒரே மாதிரிதானே மேடம் இருக்கு? அதிகாரி என்ன கேக்கிறாங்கன்னா, இது ஒழுகலையே, அப்போ உள்ளே அந்த நாக்கு இருந்திருக்கணுமேங்கிறாங்க. நீங்களே அன்னைக்கு ஊருக்கெல்லாம் காட்டிட்டு, இப்போ புதுசுன்னு சொன்னா எப்படி?"

"ஒழுகுச்சு சார்!"

"வீடியோவில ஒழுகலையே."

"ஒழுகின இடத்தை வெட்டிட்டோம் சார்!"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "யாரு மேடம் வெட்டச் சொன்னது?"

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெட்டச் சொன்னது அவள்தான்.

அன்றைக்கு உறவுக்காரர்களை எல்லாம் பட்டறைக்கு வரவழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தாள். தண்ணீர் ஜோராக ஓடியது. அதோடு விட்டிருந்தால் மானம் தப்பியிருக்கும். துண்டு நிரம்பினாலும் ஒழுகாது என்று காட்டுகிறேன் பேர்வழி என்று கடைசி வாயைப் பலகையால் அடைத்தாள். தண்ணீர் ஏற ஏற, இணைப்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "தொட்டுப் பாருங்க, ஈரமே இல்லை" என்றாள். பட்டை பிய்த்துக்கொண்டு, தண்ணீர் மொத்தமும் அவள் முகத்திலேயே அடித்தது. இரண்டு கையாலும் பொத்தப் பார்த்தாள். கால் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே வாய்க்கு வந்த வார்த்தைகளையெல்லாம் அள்ளி வீசினாள். அவற்றில் சில வார்த்தைகளை அவள் மாமியார் அன்றுதான் முதன்முதலில் கேட்டார்.

தம்பியோ உதவிக்கு வராமல் படம் பிடித்துக்கொண்டிருந்தான். "அந்த இடத்தை வெட்டுடா, முழுசா அழிச்சிடுடா, இல்லேன்னா என் மூஞ்சியிலேயே முழிக்காதே" என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அவனும் வெட்டினான். மிச்சத்தை ஊருக்குப் போட்டுக் காட்டினான். அதற்கப்புறம்தான் அவள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு அந்த நாக்கைக் கண்டுபிடித்தாள்.

"முழு வீடியோ இருந்தா பொழைச்சோம்," என்றார் வக்கீல். "அழிச்சிட்டாரா?"

"அழிச்சிட்டேன்னுதான் சொன்னான்."

வாழ்க்கையில் முதல் தடவையாக, தம்பி தன் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாதே என்று அக்கா வேண்டிக்கொண்டாள்.

பட்டறையின் விற்பனை மேலாளர் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும் தம்பி, அடுக்கி வைத்த துண்டுகளின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அந்த வீடியோ எங்கேடா?"

"எந்த வீடியோ?"

"நான் விழுந்த வீடியோ."

"அதுவா? அன்னைக்கே அழிச்சாச்சே! நீ சொல்லி நான் எதைக்கா செய்யாம இருந்திருக்கேன்?"

அவன் செய்யாமல் விட்டதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நான் கோபப்பட மாட்டேன். உண்மையைச் சொல்லு."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னே. அப்புறம் பூச்சுக் கரண்டியைத் தூக்கிட்டு ஓடி வந்தே."

"டேய், அது இல்லேன்னா காப்புரிமை போச்சு. அந்தக் கம்பெனிக்காரன் நம்மளை முழுங்கி ஏப்பம் விட்டுடுவான். நீ எனக்குத் தெரியாம ஏதாவது தில்லுமுல்லு பண்ணியிருந்தா, இன்னைக்கு ஒரு நாளாவது அது உபயோகப்படட்டும்."

தம்பி டீ டம்ளரைக் கீழே வைத்தான். அவள் கையில் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"அழிச்சது நிஜம்தான்கா. ஆனா அழிக்கிறதுக்கு முன்னாடி... குரூப்புல போட்டுட்டேன்."

"எந்தக் குரூப்புல? குடும்பக் குரூப்புல நானும்தானே இருக்கேன்? நான் பார்க்கலையே!"

"அது இல்லக்கா." அவன் அசடு வழிந்தான். "அது நீ இல்லாத குரூப்பு."

அவளைத் தவிர குடும்பமே அதில் இருந்தது. சித்தப்பா இருந்தார், மாமியார் இருந்தார், அவள் பெற்ற மகள் இருந்தாள். ஆரம்பித்து வைத்த புண்ணியவான் அவளுடைய வீட்டுக்காரர். குரூப்பின் பெயர் 'வடிகால்'. வேலைமெனக்கெட்டு அந்த வீடியோவுக்கென்றே ஆரம்பித்ததாம். விசேஷ வீடுகளில் அவள் குழாயடிக்குப் போனால் ஏன் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்புகிறார்கள் என்பது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் அதை மரியாதை என்று நினைத்திருந்தாள்.

"மாமாதான் சொன்னாரு, இதை அழிச்சா பாவம்னு," என்றான் தம்பி.

அவனைத் திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "அனுப்புடா முதல்ல" என்றாள்.

வக்கீலுக்கு ஒரே ஒரு கவலைதான். "அந்தக் குரூப்புல அத்தனை பேர் பார்த்திருக்காங்க. இதில நாக்கு வைக்கிறதைப் பத்தி ஏதாவது வாய் தவறிச் சொல்லியிருந்தீங்கன்னா அதுவே வம்பாயிடும் மேடம்." காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கடைசிவரை பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருடைய காது சிவந்தது. முடிந்ததும் ஒயரைக் கழற்றிச் சுருட்டினார்.

"தொழில்நுட்பமா நீங்க எதுவும் சொல்லலை," என்றார்.

"சத்தத்தை எடுத்துட்டுப் போட்டுக் காட்டலாமே சார்?"

"முடியாது மேடம். நடுவில 'பட்டை பிச்சுக்கிச்சுடா'ன்னு கத்துறீங்க பாருங்க, அதுதான் நம்ம உயிரே. உள்ளே இருந்தது வெறும் பட்டைங்கிறதுக்கு அதுதான் சாட்சி. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நீங்க சொல்றதைக் கேட்டுத்தான் ஆகணும்."

விசாரணை அறையில் ஏ.சி. ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். கண்டுபிடிப்புகளை எடைபோடுகிற இடத்தில் இதற்கொரு வழி கண்டுபிடிக்க ஆளில்லையா என்று அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் அதிகாரி, சிரிப்பு என்பதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். தம்பி ஓரத்து நாற்காலியில், அசலாகப் படம் பிடித்தவர் என்ற கௌரவத்தோடு உட்கார்ந்திருந்தான்.

முழு வீடியோ ஓடியது. பட்டை பிய்ந்தது. அவள் விழுந்தாள். அறை முழுக்க அவளுடைய குரல், அவளுடைய வார்த்தைகள். அக்கா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

அதிகாரியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சரி. அன்னைக்கு இருந்தது பட்டைதான், ஒழுகியிருக்கு. புதுசு இல்லேன்னு நான் சொன்னதை எடுத்துடலாம். ஆனா இன்னொரு கேள்வி இருக்கே. பட்டைக்குப் பதிலா சாய்வா ஒரு நாக்கு வைக்கிறது, இந்தத் தொழில்ல இருக்கிற யாருக்கும் சுலபமாத் தோணக்கூடியதுதானே? இதில கண்டுபிடிப்புன்னு சொல்ல என்ன இருக்கு? இவ்வளவுதானே?"

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு சட்டப் பிரிவு ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். இத்தனை வருடங்களாகக் கேட்ட 'இவ்வளவுதானா' எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்துவிட்டது.

"இப்போ பார்த்தீங்களே மேடம், அந்த வீடியோவில சேத்துல உக்காந்திருக்கிறது யாரு? நான்தான். இந்தத் தொழில்லயே கிடக்கிறவதானே? மூஞ்சியிலேயே தண்ணி அடிக்குது, இணைப்பு கண்ணுக்கு முன்னாடி இருக்கு. சுலபமாத் தோணக்கூடியதுன்னா அன்னைக்குத் தோணியிருக்கணுமா இல்லையா? எனக்கு என்ன தோணுச்சு? கையை வச்சுப் பொத்தத்தான் தோணுச்சு. அதுக்கப்புறமும் தடிமனா பட்டை போட்டேன், ரெண்டு பட்டை போட்டேன், பசையை மாத்தினேன், எல்லாத்தையும் தண்ணி பிச்சுப் போட்டுச்சு. தண்ணியைத் தடுக்கிறதை விட்டுட்டு அதையே வேலை வாங்கலாம்னு தோணுறதுக்குள்ள எனக்குத் தாவு தீர்ந்துபோச்சு. தோணினதுக்கு அப்புறம் யார் பார்த்தாலும் இவ்வளவுதான். அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரியணும்னா, இன்னொரு தடவை போட்டுப் பாருங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். வக்கீலும் அப்படித்தான் நினைத்தார் என்பது அவர் நெற்றியில் தெரிந்தது.

"போடுங்க," என்றார் அதிகாரி.

இரண்டாவது தடவை ஓடியபோது அவர் திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். பட்டை பிய்கிற இடத்தில் நிறுத்தச் சொல்லி, இணைப்பை உற்றுப் பார்த்தார். பிறகு தொடரச் சொன்னார். அவள் வழுக்குகிற இடம் வந்ததும் கோப்பை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கோப்பு கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

கோப்பு கீழே இறங்கியபோது முகம் பழையபடி இருந்தது. கண் மட்டும் ஈரமாக இருந்தது.

"ரெண்டு ஆட்சேபணையையும் நீக்கிடுறேன்," என்றார். "ஆனா நான் முடிவெடுக்கிறதுக்கு ஆதாரமே இந்த வீடியோதான். இதைக் கோப்புல சேர்த்தாகணும். காப்புரிமை குடுத்ததுக்கு அப்புறம் கோப்பு பொதுப் பார்வைக்கு வந்துடும். யார் கேட்டாலும் காட்டுவாங்க. உங்களுக்குச் சம்மதம்தானே?"

வக்கீல் அவள் காதருகே குனிந்தார். "நாளைக்கு நாம வழக்குப் போட்டா, அந்தக் கம்பெனிக்காரங்க முதல்ல எடுத்துப் பார்க்கப்போறது இதைத்தான் மேடம். யோசிச்சுச் சொல்லுங்க."

அக்கா யோசித்தாள். கம்பெனியின் பெரிய அறையில், பெரிய திரையில், கோட்டு போட்டவர்கள் சுற்றி உட்கார்ந்து அவள் சேற்றில் விழுவதைப் பார்ப்பார்கள். சிரிப்பார்கள். திரும்பப் போடச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அவள் துண்டைக் காப்பியடித்துப் போடுவதையெல்லாம் நிறுத்தியாக வேண்டும்.

ஓரத்தில் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏ.சி.யிலிருந்து ஒரு சொட்டு வாளியில் விழுந்தது.

"சம்மதம் மேடம்," என்றாள். "ஆனா ஒண்ணு. முழுசா சேர்த்துக்குங்க. எந்த இடத்தையும் வெட்டக் கூடாது."